சீட்டைக் கவிழ்க்கத் தெரியாத மாப்பிள்ளை

ஜனவரி 9

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

உறையைத் திருப்பி யார் எழுதியது என்று பார்த்திருப்பீர்கள். நான்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை, தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தே இருப்பதால் இடுப்பு மட்டும் அவ்வப்போது முறைத்துக்கொள்கிறது. உங்களுக்குக் காது மந்தமாகிவிட்டது, ஃபோனில் பேசினால் பாதிதான் விழுகிறது என்று வாலு சொன்னாள். அதனால் கடிதம். முழங்கால் தேவலையா?

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். வாலுவுக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது. உங்கள் ஊரிலேயே லிஃப்ட் பழுது பார்க்கிற மெக்கானிக். இவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவளை வெளியே எடுத்தவராம். நான் சரி என்ற பிறகுதான் மற்றவர்களுக்குச் சொல்வேன் என்று இருக்கிறாள், அதனால் உங்களிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். ஃபோனில் அவருடைய நல்ல குணங்களை அடுக்கிக்கொண்டே வந்தவள் கடைசியில் சொன்னாள்: "சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் ஃபிரண்ட்ஸோட கொஞ்ச நேரம் சீட்டாடுவாரும்மா. போக்கர். டயர் கடைப் பின்னாடி ஒரு ரூம்ல. சும்மா பொழுதுபோக்குக்கு."

தைத்துக்கொண்டிருந்த ஊசி என் விரலில் ஏறிவிட்டது. சும்மா பொழுதுபோக்குக்கு. இதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். யார் வாயால் கேட்டேன் என்று உங்களுக்கு எழுத வேண்டியதில்லை.

நீங்கள் வாழ்நாளெல்லாம் சீட்டாட்டக் கிளப்பில் மேசைக்குப் பின்னால் நின்று சீட்டுப் போட்டவர். ஓர் ஆள் சீட்டைக் கையில் எடுக்கிற விதத்திலேயே அவன் பூர்வீகத்தைச் சொல்லிவிடுவீர்கள். அந்த மனிதரைப் போய்ப் பாருங்கள். உங்கள் தம்பி மாதிரி இருந்தால் ஒரு வரி எழுதுங்கள், போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். வாலுவுக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் தம்பி காலமானதிலிருந்து நான் உங்களோடு பேசவில்லை. இப்போது காரியம் என்றதும் வந்து நிற்கிறாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போய்ப் பாருங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


ஜனவரி 14

அம்மாடி,

உறையைத் திருப்பவே இல்லை. உன் கையெழுத்தில் 'ழ' எப்போதும் காலை நீட்டிப் படுத்திருக்கும். அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று பிரித்துவிட்டேன். என் சௌகரியம் கேட்டாயே: ஒரு காது ஓய்வு பெற்றுவிட்டது, இன்னொன்று அரை நாள் வேலை பார்க்கிறது. முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் அழுகிறது. உன் இடுப்புக்கு முதுகுப் பக்கம் ஒரு தலையணை வைத்துக்கொள். தைக்கிறவள் வீட்டில் தலையணைக்கா பஞ்சம்?

டயர் கடை எது என்று கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் கிளப்பில் கதவு திறக்கும் வேலை பார்த்தாரே ஒரு பெரியவர், அவரும் சனிக்கிழமைதோறும் அங்கேதான் உட்காருகிறாராம். "ஒரு நாற்காலி காலியா இருக்கு, வாங்க. ஆனா நீங்க யாருன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா ஒருத்தனும் உங்க கூட ஆட மாட்டான்" என்றார். எனக்கும் அதுவே வேண்டும் என்றேன். காது கேட்காத, பொழுது போகாத கிழவி. வேஷம் போடவே வேண்டியதில்லை.

நீ பேசாமல் இருந்த காலத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. நீயும் எழுதாதே. கேட்டாய், போகிறேன். அவ்வளவுதான்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 3

அம்மாடி,

இடுப்பு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. இங்கே என் உடம்புக்குக் குறையில்லை. மனசுக்குத்தான் கொஞ்சம் அடி. நேற்று உன் லிஃப்ட்காரனிடம் தோற்றுவிட்டு வந்தேன்.

கதையை ஒழுங்காகச் சொல்கிறேன். கடைக்குப் பின்னால் ஒரு அறை. சுவரோரம் டயர்கள், நடுவில் மரக்கதவு ஒன்றைப் பெட்டிகள் மேல் போட்டு மேசை. கடை முதலாளி, கதவுகாரப் பெரியவர், பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார், லிஃப்ட்காரன், நான். பந்தயம் கட்டுவதற்குக் காசு கிடையாது, இரும்பு நட்டுகள். கடைசியில் யாரிடம் நட்டு குறைவோ அவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும்.

ஆட்டம் உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைப்பது. இரண்டையும் ஐந்தையும் சேர்த்து யாருக்கு நல்ல கை அமைகிறதோ அவருக்கு நட்டெல்லாம். கையில் சரக்கு இல்லாவிட்டாலும் இருப்பதுபோல் பந்தயத்தை ஏற்றிப் பூச்சாண்டி காட்டலாம். எதிராளி பயந்து சீட்டைக் கவிழ்த்துவிட்டால் நமக்கு ஜெயம். பயப்படாமல் "பாக்கிறேன்" என்று நட்டைப் போட்டுவிட்டால் நம் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நடுவில் மூன்று இஸ்பேடு விழுந்தது. கையிலும் இரண்டு இருந்தால் ஐந்தும் ஒரே இனமாகிப் பெரிய கை அமைந்துவிடும். என் கையில் ஒரு மண்ணும் இல்லை. இரண்டு இஸ்பேடு வைத்திருக்கிறவள் மாதிரி மூச்சை இழுத்து, இருந்த நட்டையெல்லாம் தள்ளினேன். விவரம் தெரிந்தவன் யாரும் கவிழ்த்துவிடுவான். இவன் தலையைச் சொறிந்துகொண்டு, "பாக்கிறேங்க" என்றான். கையில் என்ன என்று நினைக்கிறாய்? நான்காம் நம்பர் ஒரு ஜோடி!

"மூணு இஸ்பேடு கிடக்குதே, கண்ணுல படலையா?" என்றேன்.

"பட்டுதுங்க. ஆனா உங்ககிட்ட இருக்கா இல்லையான்னு தெரியலையே. அதான் பாத்துடலாம்னு."

அடுத்த வார டீ என் தலையில்.

பார்ப்பதற்கு அசல் கத்துக்குட்டி. சீட்டைப் பறந்துவிடப் போகிற குருவியைப் பிடிப்பதுபோல் பிடிக்கிறான். நடுவில் ஒவ்வொரு சீட்டு விழும்போதும் தன் சீட்டை மறுபடி எடுத்துப் பார்க்கிறான், மாறியிருக்குமோ என்று. எந்தக் கை வந்தாலும் விளையாடுகிறான், கவிழ்ப்பதே இல்லை. "வந்ததே விளையாடத்தானே" என்கிறான்.

ஆனால் இதை மட்டும் வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். கத்துக்குட்டியில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று நிஜம். இன்னொன்று வேஷம் கட்டியது. வேஷக்காரன் முதல் மாதம் அசடாகத் தோற்பான், சிரிப்பான், டீ வாங்கித் தருவான். மேசையில் கனம் சேர்ந்த அன்றைக்கு எல்லோருடைய சட்டையையும் கழற்றிக்கொண்டு போவான். இவன் எந்த ஜாதி என்று தெரிய இன்னும் சில சனிக்கிழமை வேண்டும். அதுவரை வாலுவிடம் ஆமென்றும் சொல்லாதே, இல்லையென்றும் சொல்லாதே.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 9

அக்காவுக்கு,

இடுப்புக்குத் தலையணை வைத்தேன், தேவலை. நீங்கள் குளிரில் அந்தப் பின்னறையில் உட்காருவதாக இருந்தால் முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் பக்கம் வரை சிரித்துக்கொண்டே படித்தேன். வேஷம் என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. எங்கள் கல்யாணம் பேசி முடிவதற்கு முன்னால் உங்கள் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் அப்பாவுக்குச் சீட்டு என்றால் ஆசை, ஆனால் சுமாராகத்தான் ஆடுவார். இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். உங்கள் தம்பி தோற்றார். மறுபடி தோற்றார். மறுபடியும். அப்பா உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "பையன் வெகுளி. சீட்டு சுத்தமா வரல. பயப்பட ஒண்ணுமில்ல, கொடுக்கலாம்."

அப்படிக் கொடுத்த அப்பாதான் எங்களுக்கு வீட்டையும் கொடுத்தார். அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். போன வருடம் அந்த வீட்டு அம்மாள் என்னைத் தெரியாமல் என் கடைக்கே வந்து எல்லா ஜன்னலுக்கும் திரை கேட்டாள். தைத்துக் கொடுத்தேன். அளவு எடுக்கப் போகவில்லை. எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே.

தோற்கிற மாப்பிள்ளையைப் பார்த்து இந்தக் குடும்பம் ஒருமுறை ஏமாந்தாயிற்று, அக்கா. நீங்கள் நன்றாகப் பாருங்கள். எத்தனை சனிக்கிழமை ஆனாலும் சரி.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


மார்ச் 8

அம்மாடி,

சௌக்கியமா? கம்பளித் துணி சுற்றிக்கொண்டுதான் போகிறேன். வாத்தியார் என்னைப் பார்த்து, "கிரிக்கெட் ஆடவா வந்தீங்க?" என்றார்.

கூடத்தில் அவன் தோற்ற கதை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை. இவனைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் என்னை நானே திருத்திக்கொண்டேன். கிளப்பில் கெட்டிக்காரர்களையே பார்த்துப் பார்த்து, கத்துக்குட்டியோடு எப்படி ஆடுவது என்பதையே மறந்திருந்தேன். அவனிடம் பூச்சாண்டி பலிக்காது; பயப்படத் தெரிந்தவனிடம்தான் அது பலிக்கும். அதனால் வித்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டேன். நல்ல சீட்டு வரும்வரை கவிழ்த்துக்கொண்டே இருப்பது. வந்தால் ஒளிக்காமல் பந்தயத்தை ஏற்றுவது. "பாக்கிறேங்க" என்று பின்னாலேயே வந்துவிடுவான். இப்போது டீ எனக்கு ஓசி.

இதில் இன்னொன்று: அவனிடம் தோற்றால் கோபப்படக் கூடாது. வாத்தியாருக்கு அதுதான் முடியவில்லை. ராஜா ஜோடி வைத்திருந்தவரை, கடைசிச் சீட்டில் அமைந்த இரண்டாவது ஜோடியால் இவன் அடித்துவிட்டான். "இவனோட மனுஷன் ஆடுவானா? எதுக்கு உள்ள வந்தேன்னு அவனுக்கே தெரியல!" என்று வாத்தியார் சீட்டை வீசினார். அப்புறம் ஆத்திரத்தில் கண்டதற்கெல்லாம் ஏற்றி, இருந்ததையும் விட்டார். கத்துக்குட்டியால் கெட்டவர்களைவிட கத்துக்குட்டி மேல் வந்த கோபத்தால் கெட்டவர்கள்தான் அதிகம்.

நல்ல கை வந்தால் லிஃப்ட்காரனுக்குக் காது சிவந்துவிடுகிறது. வேஷம் கட்டுகிறவன் முகத்தை மாற்றலாம், குரலை மாற்றலாம். காதை என்ன செய்வான்? இருந்தாலும் ஒரு சோதனை வைத்தேன். கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் என் சீட்டு அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சாய்த்துப் பிடித்தேன். மேசையில் அன்றைக்கு நட்டு குவிந்து கிடந்தது. வேஷக்காரனாக இருந்தால் அல்வா சாப்பிட்ட மாதிரி.

"அம்மா, உங்க சீட்டு தெரியுது. சரியாப் பிடிங்க" என்றான்.

இனி முக்கியமான விஷயம். போன சனிக்கிழமை கடை முதலாளியின் உறவுக்காரர் ஒருவர் வந்தார். கைக்கடிகாரம், மடிப்புக் கலையாத சட்டை. சீட்டைக் கலைத்த கலைப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது தொழில். "நட்டு வச்சு ஆடுறது பிள்ளைங்க ஆட்டம். காசு வைங்கப்பா" என்றார். யாருக்கும் இஷ்டமில்லை, ஆனால் விருந்தாளி. லிஃப்ட்காரன் சட்டைப் பையில் இருந்ததை எடுத்து வைத்தான். இதோ, இப்போது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அவன் எப்போதும் போல எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்தே தோற்றான். பை காலி. எழுந்துவிட்டான்.

"உக்காருப்பா, நான் தர்றேன். அப்புறம் குடு. விட்டதைப் பிடிக்க வேணாமா?" என்றார் வந்தவர்.

"வேணாங்க. காலைல ஒரு லிஃப்டுக்குக் கயிறு மாத்தணும்."

"என்ன, பயந்துட்டியா?"

உனக்குத் தெரியுமே, இந்தக் கேள்வியைக் கேட்டால் உன் வீட்டுக்காரன் என்ன செய்வான் என்று. இவன் கொஞ்சமும் யோசிக்காமல், "ஆமாங்க. பயமாத்தான் இருக்கு" என்றான். சொல்லிவிட்டு எல்லோருடைய டீ கிளாஸையும் எடுத்துப் போய்க் கழுவி வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

அவன் போன பிறகு அந்தக் கைக்கடிகாரத்துக்கு நான் ஒரு பூச்சாண்டி காட்டினேன். மகா கெட்டிக்காரர் அல்லவா, நன்றாக யோசித்து, ஜெயிக்கிற சீட்டைக் கவிழ்த்துவிட்டார். லிஃப்ட்காரன் காசை அவனிடமே சேர்த்துவிட்டேன்.

அம்மாடி, வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். என் தம்பிக்கு எந்தச் சீட்டை எப்போது கவிழ்க்க வேண்டும் என்று அத்துப்படி. மேசையை விட்டு எழுந்திருக்கத்தான் தெரியாது. இவனுக்குச் சீட்டைக் கவிழ்க்கத் தெரியாது. எழுந்திருக்கத் தெரிகிறது. நீ என்னிடம் ஒரு வரி கேட்டாய்: இவன் அவன் மாதிரி இல்லை.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 5

அம்மாடி,

உன் பதிலைக் காணோம். உடம்பு சரியில்லையா என்று கவலையாக இருக்கிறது. இடுப்பா? அல்லது நான் எழுதியதில் ஏதாவது மனசை உறுத்திவிட்டதா?

இதற்குள் இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. அது உன் காதுக்கு வந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன், ஆனாலும் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஆட்டம் நடுவில் இருக்கும்போது கதவுப் பக்கம் ஒரு குரல். கேட்காத காதுப் பக்கமாக வந்ததால் நான் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் பார்த்தால், வாலு!

"அத்தே! நீங்க எங்க இங்க?"

வாழ்நாளெல்லாம் சீட்டுப் போட்ட முகம் அம்மாடி இது. ராஜா விழுந்தாலும் ரெண்டு விழுந்தாலும் அசையாத முகம். அன்றைக்கு என் முகம் போன போக்கைப் பார்த்துக் கதவுகாரப் பெரியவர் சிரிப்பை அடக்க மாட்டாமல் டயரின் பின்னால் போய்விட்டார். வாலு என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், என் முன்னால் குவிந்திருந்த நட்டைப் பார்த்தாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள்; வேரோடு பிடுங்கத் தெரியாதா? "அம்மா அனுப்பினாங்களா?" என்றாள். நான் நட்டுகளை எண்ண ஆரம்பித்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

லிஃப்ட்காரனுக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் காது சிவந்தது. "அப்ப இத்தனை நாளா நான் பரீட்சை எழுதிட்டு இருந்தேனா? ஐயோ, தோத்துட்டே இருந்தேனே!" என்றான். அவனுக்கு அந்தக் கவலை.

வாலுவுக்கு என் மேல் கோபமில்லையாம். உன் மேல்தான். "என்னை நேரா கேட்டிருக்கலாமே அத்தே" என்று கண் கலங்கிவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு வரி எழுது.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 26

அம்மாடி,

மூன்று பேர் வாசலில் மணி அடித்தார்கள் இந்த வாரம். மூன்று முறையும் தபால்காரர் என்று நினைத்து ஓடி, முழங்கால்தான் வீங்கியது. நீ என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் போடு. திட்டு வாங்கிப் பழக்கம் இருக்கிறது. இந்த மௌனம்தான் பழகவில்லை, முன்பும் பழகவில்லை.

லிஃப்ட்காரன் நேற்று என் வீட்டுக்கு வந்து உன் கடை விலாசம் கேட்டான். "அம்மா பயந்திருக்காங்க. அதுல தப்பு என்ன இருக்கு? நான் போய்ப் பேசிட்டு வர்றேன்" என்றான். போகாதே என்று சொல்ல நான் யார்? கொடுத்துவிட்டேன்.

அக்கா


மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? அதற்குக் காரணம் நான் என்று தெரிந்ததிலிருந்து எனக்கே வலிக்கிறது. என் இடுப்பு நன்றாக இருக்கிறது. எழுதாமல் இருந்ததற்கு உடம்பு காரணமில்லை. உங்கள் ஒரு வரியை நம்பவும் துணிவில்லாமல் முதலில் நாளைக் கடத்தினேன், அதற்குள் வாலுவுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னை நம்பலையாம்மா?" என்று வாலு ஃபோனில் கேட்டாள். நம்பாதது அவளை அல்ல, என் தலையெழுத்தை என்று சொல்ல வாய் வரவில்லை. ஃபோனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் "அன்புள்ள" என்பதற்கு மேல் ஓடவில்லை. பேனாவை வைத்துவிட்டுத் திரை தைத்துக்கொண்டே இருந்தேன். ஊரில் இந்தக் கோடைக்கு வெயிலே படாது.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைக்குள் ஓர் ஆள் வந்து நின்றார். தோளில் கருவிப் பை.

"ஜன்னலுக்கா, கதவுக்கா?" என்றேன்.

"இல்லீங்க. நான் லிஃப்டு" என்றார்.

இருந்த பயத்தில் எனக்குச் சிரிப்புகூட வரவில்லை. உட்காரச் சொன்னேன். பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்து என் வெட்டுமேசை மேல் வைத்தார். உங்கள் தம்பி போனதிலிருந்து நான் இருக்கிற இடத்துக்குள் சீட்டுக்கட்டு நுழைந்ததில்லை. அவர், "ஆள் எப்படின்னு சீட்டுலதான் தெரியும்னு அத்தை சொன்னாங்க. அவங்க பாத்துட்டாங்க. நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்க. உங்களுக்குப் பிடிக்கலைன்னா கட்டை இங்கயே கிழிச்சுப் போட்டுடலாம், நான் இனிமே ஆடல" என்றார்.

திரை வளையங்களைப் பிரித்துக்கொண்டோம். ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தப்பாகச் சொல்லிக்கொடுத்தார், அப்புறம் தலையில் தட்டிக்கொண்டு திருத்தினார். ஒரு கையில் எனக்கு ஒன்றுமே வரவில்லை. என்ன தோன்றியதோ, வளையம் முழுவதையும் நடுவில் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் முகம் அசையவில்லை அக்கா. ஒரு மயிரிழைகூட. அந்த முகம் யாருடையது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. "வீட்டுப் பத்திரம் பத்திரமா இருக்கு, நீ தூங்கு" என்று சொன்ன முகம். எதிரிலேயே உட்கார்ந்து வாழ்ந்ததில் எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். "பாக்கிறேங்க" என்றார். கையில் மூன்றாம் நம்பர் ஒரு ஜோடி.

"இத வச்சுக்கிட்டா? பயமா இல்லையா உங்களுக்கு?"

"பயம்தான். ஆனா நீங்க அதைவிட பயந்த மாதிரி இருந்தீங்க."

சிரித்தேன் அக்கா. சிரித்து, அது அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த முகத்துக்கு முன்னால் நான் ஒரு நாளும் "பாக்கிறேன்" என்று சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, பத்திரத்தை எடு, பார்க்கிறேன் என்று கேட்டிருக்கலாம். இந்த மனிதருக்கு அது மட்டும்தான் வருகிறது. என் பெண்ணை யாரும் ஏமாற்ற முடியாத வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டது. சரி என்று சொல்லிவிட்டேன். வாலுவை அவரே ஃபோனில் கூப்பிட்டு என்னிடம் கொடுத்தார். இரண்டு பேரும் மாறி மாறி மூக்கைத்தான் உறிஞ்சினோம். மறுநாளே பஸ் ஏறி வந்து, என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டுப் போனாள்.

இப்போது இன்னொன்று. தண்ணீர் குடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "அத்தை ரொம்ப கெட்டிங்க. சொந்தத் தம்பியையே கிளப்புக்குள்ள விடாதேன்னு வாசல்ல சொல்லி வச்சாங்களாமே. அதனால முதலாளிக்குக் கோபம் வந்து, அவங்களுக்கு வர வேண்டிய பெரிய வேலை கைவிட்டுப் போச்சாமே. கதவுகாரத் தாத்தா சொன்னார்."

என் முகத்தைப் பார்த்ததும் அவர் காது இரண்டும் செக்கச் செவேலென்று ஆயிற்று. "ஐயோ, உங்களுக்குத் தெரியாதா? சொல்லியிருக்கக் கூடாதோ?"

உங்கள் மேசையில்தான் அவர் எல்லாவற்றையும் தோற்றார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அக்கா. இத்தனை வருடமும். ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை?

உங்கள் பதிலுக்காக,
வாலுவின் அம்மா


மே 16

அம்மாடி,

வீக்கம் வடிந்துவிட்டது. உன் கடிதம் வந்த அன்றைக்கு மாடிப்படி ஏறினதே தெரியவில்லை.

அந்தப் பெரியவருக்கு இந்த வயசில் வாய் திறந்திருக்கிறது, பார். கதவைத் திறப்பதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். நான் கதவை அடைத்தேன், உண்மைதான். அடைத்ததும் அவன் வீட்டுக்குப் போனான் என்றால் ஓடி வந்து உன்னிடம் சொல்லியிருப்பேன். அவன் அடுத்த தெருவில் இருந்த வேறொரு சீட்டுக் கிளப்பின் கதவுக்குப் போனான். அங்கே அவனைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. என் மேசையிலேயே உட்கார வைத்திருந்தால் ஓரளவுக்காவது கட்டி வைத்திருப்பேனோ என்று நானே எத்தனையோ நாள் புரண்டு படுத்திருக்கிறேன். இதைப் போய் எந்த வாயால் சொல்ல? உனக்கு யார் மேலாவது கோபப்பட்டாக வேண்டியிருந்தது. போனவன் மேல் கோபப்பட்டால் உன் பெண்ணுக்கு அப்பா இல்லாமல் போய்விடுவார். என் மேல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். சீட்டைக் கவிழ்த்து வைப்பது எனக்குத் தொழில்தானே?

இப்போது நீ திருப்பிப் பார்த்துவிட்டாய். எனக்கும் பாரம் குறைந்த மாதிரிதான் இருக்கிறது. நேற்று மத்தியானம் படுத்தவள், தபால்காரர் அடித்த மணிகூடக் காதில் விழாமல் தூங்கியிருக்கிறேன். அவர் உறையைக் கதவிடுக்கில் சொருகிவிட்டுப் போயிருக்கிறார்: வாலுவும் அவனும் சேர்ந்து எழுதிய அழைப்பு; பதிவுக் கல்யாணமாம், தேதி பின்னால் சொல்வார்களாம். அதில் இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை. மாப்பிள்ளை கைவண்ணமாகத்தான் இருக்கும்.

பதிவு அலுவலகத்தில் என்றைக்கு என்று எழுது. நான் வரலாமா என்றும் எழுது.

அன்புடன்,
அக்கா


மே 22

என் அக்காவுக்கு,

வரலாமா என்று கேட்டதற்கு உங்களை என்ன செய்தால் தகும்? கீழ்த்தளத்தில் உங்களுக்குக் கட்டில் போட்டாயிற்று. ஜன்னலுக்குப் புதுத் திரை. முழங்காலுக்கு ஒரு படிகூடக் கிடையாது. பதிவு வியாழக்கிழமை, நீங்கள் திங்கட்கிழமையே வந்துவிட வேண்டும். மாப்பிள்ளை நேரில் வந்து அழைத்து வருகிறேன் என்கிறார். பஸ்ஸில் சீட்டாடாமல் வாருங்கள், பாவம்.

இன்று காலை பெயர் கொடுக்கப் பதிவு அலுவலகம் போயிருந்தேன். பெண் வீட்டுச் சார்பில் சாட்சிக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும் என்றார் குமாஸ்தா. உங்கள் பெயரைச் சொன்னேன்.

"என்ன உறவு?"

"அக்கா."

"கூடப் பிறந்த அக்காவா, வீட்டுக்காரரோட அக்காவா? சரியாச் சொல்லுங்கம்மா, எழுதணும்."

வரிசையில் எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். குமாஸ்தா பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"எழுதுங்க சார்," என்றேன். "என் அக்கா."

வழி பார்த்திருக்கும்,
உங்கள் தங்கை